பயண நாளில் வரும் நோயும் விமானத்தின் காற்றும்

கர்நாடகத்தின் தென்கோடியில், உதகைக்கும் வயநாட்டுக்கும் சாலைகள் பிரியும் இடத்தில் அமைந்த குண்டலுபேட்டை, 1997 வரை மைசூரு மாவட்டத்திலும் அதன்பின் புதிதாகப் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய ஊர். இங்கிருந்து விமானம் ஏற விரும்புகிறவர் நஞ்சன்கூடு வழியாக மைசூருவை அடுத்த மண்டகள்ளிக்கோ, அதையும் தாண்டிப் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளிக்கோ, மலையிறங்கிக் கோழிக்கோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ செல்ல வேண்டியிருப்பதால், வீட்டு வாசலுக்கும் விமானத்துக்கும் இடையே பல மணி நேரச் சாலைப் பயணம் குறுக்கிடுகிறது. பெட்டி கட்டி முடித்த நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ காதடைப்போ வந்துவிட்டால், பெரும்பாலோர் தம்மிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டுக்கொள்வது, இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க முடியுமா என்பதே. விமானத்தின் காற்று தரையின் காற்றைப் போன்றதன்று என்பதால், அந்தக் காற்றில் இந்த நோய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். தாங்க முடிகிற நோய்களிலும் சில அங்கே ஆபத்தாக மாறும், தாங்க முடியாததாகத் தோன்றும் சில அங்கே எந்தத் தீங்கும் செய்யாமல் போகும்.

விமானம் 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது வெளியே நிலவும் காற்றழுத்தத்தில் மனிதர் உயிர்வாழ முடியாது. எனவே காற்றை அழுத்திப் பயணிகள் அறைக்குள் செலுத்துகிறார்கள். ஆனால் கடல்மட்டத்து அழுத்தத்தை உள்ளே அப்படியே தக்கவைக்க வேண்டுமானால் விமானத்தின் சுவர்கள் மிகக் கனமாக அமைய வேண்டும் என்பதால், 8,000 அடி, அதாவது ஏறத்தாழ 2,440 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே அறையின் அழுத்தம் போகக்கூடாது என்ற வரம்பை வைத்துப் பொறியாளர்கள் விமானங்களை வடிவமைக்கிறார்கள். அறையின் அழுத்தம் எந்த மலை உயரத்தின் அழுத்தத்துக்கு ஒப்பாக இருக்கிறதோ, அந்த உயரத்துக்கு 'அறை உயரம்' என்று பெயர். போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் இது ஏறத்தாழ 1,800 மீட்டராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சென்னை, பெங்களூரு போன்ற குறுந்தொலைவுப் பயணங்களில் விமானமே அதிக உயரம் செல்லாததால் அறை உயரமும் குறைவாகவே இருக்கும்.

குண்டலுபேட்டை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,240 மீட்டரில் இருக்கிறது. பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி வழியாகக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி உதகையை அடையும் ஒருவரின் உடல் எந்த அழுத்த மாற்றத்தைச் சந்திக்கிறதோ, அதே மாற்றத்தைத்தான் விமானப் பயணியின் உடலும், இருக்கையை விட்டு எழாமலேயே, அரை மணிக்குள் சந்திக்கிறது. ஆகவே இவ்வட்டாரத்து மக்களுக்கு ஒரு பயனுள்ள அளவுகோல் கைவசம் இருக்கிறது: இன்றிருக்கும் உடல்நிலையில் உதகைக்கு ஏறிப் பல மணி நேரம் அங்கே இருக்க அஞ்ச வேண்டியவர், விமானத்துக்கும் அஞ்ச வேண்டியவரே. மலைப்பாதையில் மூச்சு முட்டினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடலாம், அரபிக் கடலின் மேலே அது முடியாது என்பதால், விமானத்துக்கான அச்சம் இன்னும் ஒரு படி கூடுதலாகவே இருப்பது நியாயம்.

அழுத்தம் குறையும்போது உடலில் நிகழ்பவை இரண்டு. முதலாவது, அடைபட்ட வாயு விரிவது. வெப்பநிலை மாறாதபோது ஒரு வாயுவின் அழுத்தம் குறைந்தால் அதன் கனஅளவு அதே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் பாயில் 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதியின்படி, கடல்மட்டத்தில் உடலுக்குள் இருந்த வாயு விமானத்தின் உச்ச அறை உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகும். நலமாக இருப்பவரிடம் இந்தப் பெருக்கத்துக்கு வெளியேறும் வழி இருக்கிறது; நோய் அந்த வழியை அடைத்திருந்தால்தான் தொல்லை.

சாதாரணச் சளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செவிப்பறைக்கு உட்புறம் உள்ள நடுச்செவி காற்று நிரம்பிய ஒரு சிறு அறை. அதிலிருந்து மூக்கின் பின்பகுதிக்கு இறங்கும் யூஸ்டேசியன் குழல் என்னும் மெல்லிய குழாய்தான் அதன் ஒரே வாசல். விமானம் மேலேறும்போது நடுச்செவியின் காற்று விரிந்து, குழலின் மடிந்த வாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடுகிறது. இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: அறையின் அழுத்தம் கூடிக்கொண்டே வர, நடுச்செவியில் அழுத்தம் குறைந்தே இருப்பதால் குழலின் மென்மையான சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இயங்கும் தசைகள் இழுத்தால்தான் அவை பிரியும். சளியால் அச்சுவர்கள் வீங்கியிருந்தால் தசை இழுத்தும் பயனில்லை. செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு, கடும் வலியும் நீர்க்கசிவும் சிலரிடம் செவிப்பறைக் கிழிசலும் நேரும். இதற்கு அழுத்தக் காயம் என்று பெயர். முகத்து எலும்புகளிலுள்ள சைனஸ் குழிவுகளிலும் இதே கதைதான்.

தக்காணப் பீடபூமியிலிருந்து புறப்படுகிறவர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெங்களூரு விமான நிலையமே 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து ஏறுகிறவரின் செவி ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றத்தையே உணரும். ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ தரையிறங்கும்போது 2,400 மீட்டர் இறக்கத்தையும் முழுமையாக உணரும். ஏறும்போது காது ஒன்றும் செய்யவில்லையே என்று நிம்மதி அடைந்தவர் இறங்கும்போது துடிப்பதற்கு இது ஒரு காரணம். புறப்படும் முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மிக மெதுவாக ஊதினால் இரு காதுகளிலும் 'டப்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்டால் குழல் திறக்கிறது என்று பொருள். பலமுறை முயன்றும் ஒரு காதில் கேட்கவே இல்லை என்றால், அதிலும் காய்ச்சலோ காது வலியோ கூட இருந்தால், பயணத்தை இரண்டொரு நாள் தள்ளிவைப்பதே காதுக்கு நல்லது. இலேசான அடைப்புக்கு, மருத்துவர் பரிந்துரைக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் போன்ற மூக்குச் சொட்டு மருந்தை விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்பு விட்டுக்கொள்வதும், இறங்கும் நேரம் முழுவதும் தூங்காமல் விழித்திருந்து அடிக்கடி விழுங்குவதும் உதவும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் புகட்டினால் போதும்.

வயிற்றுப்போக்கு உள்ளவரிடம் குடலின் வாயு விரிந்து வலியைக் கூட்டும் என்றாலும், உண்மையான ஆபத்து நீரிழப்பிலிருந்து வருகிறது. அறையின் ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே. உட்கார்ந்தே இருப்பதால் கால்களில் இரத்தம் தேங்கும். இவற்றோடு உடலின் நீரும் உப்பும் முன்பே குறைந்திருந்தால் எழுந்து நின்றதும் மயக்கம் வரும். ஐந்து விமான நிறுவனங்களின் பயணிகளிடம் 2008 முதல் 2010 வரை பதிவான ஏறத்தாழ 12,000 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கமும் மயங்கும் நிலையும் மட்டுமே 37 விழுக்காடாக முதலிடம் பெற்றன. எனவே கடைசி சில மணி நேரங்களில் வாந்தியோ பேதியோ நின்று, ஓ.ஆர்.எஸ். கரைசல் வயிற்றில் தங்கி, சிறுநீர் வழக்கம்போல் பிரிந்தால் மட்டுமே கிளம்புவது முறை. குடலியக்கத்தை நிறுத்தும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறுவது, மலத்தில் இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது தீங்கானது. கிருமியை வெளியேற்றும் வழியையே அது அடைத்துவிடுகிறது.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் வாயு விரிவு நேரடியாகவே தீங்கு செய்யக்கூடும். வயிற்றைத் திறந்து செய்த பெரிய அறுவைக்குப் பின் ஏறத்தாழ 10 நாளும், சிறுதுளை வழியே செய்ததற்குப் பின் நான்கைந்து நாளும் காத்திருக்கச் சொல்வதன் காரணம், தையல் ஆறும் முன் குடல் வாயு விரிந்து அதை இழுக்கக்கூடாது என்பதே. கண்ணின் விழித்திரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் வாயு ஏற்றப்பட்டிருந்தால், அது முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும் வரை விமானமும் கூடாது, உதகையும் கூடாது. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நியூமோதோராக்ஸ் நோயாளிக்கும் இதே தடை பொருந்தும்.

இரண்டாவது நிகழ்வு ஆக்சிஜன் குறைவது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான்; ஆனால் மொத்த அழுத்தமே முக்கால் பங்காகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் முக்கால் பங்காகிறது. நலமுள்ளவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 97 விழுக்காட்டிலிருந்து 90க்குச் சற்று மேலே வரை இறங்கும். அவர் அதை உணரவே மாட்டார். நிமோனியாவாலோ கடும் ஆஸ்துமாவாலோ தரையிலேயே 92 விழுக்காட்டில் இருப்பவருக்கு அதே இறக்கம் கடுமையான மூச்சுத்திணறலாக முடியும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குகிறவரும், ஓய்விலேயே நெஞ்சு வலிக்கிறவரும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவரும் விமானம் ஏறக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்தக் கணக்கின்மேல்தான்.

அந்த நிறுவனத்தின் அதே பட்டியலில் இன்னொரு நோயும் இருக்கிறது. குண்டலுபேட்டை வட்டாரத்தைப் பொறுத்தவரை அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் அமைப்பில் பிறவியிலேயே ஏற்படும் ஒரு மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது வட்டமான அணுக்கள் அரிவாள் போல் வளைந்து விறைத்து நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்வது அரிவாளணு நோய். இந்தியாவில் இது முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்களால், அறிவிக்கப்பட்டது. நீலகிரி, வயநாடு, சாமராஜநகர் எல்லைக் காடுகளில் வாழும் பழங்குடிச் சமூகங்களில் இந்நோய் இன்றும் உள்ளது. இதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைக் கொண்ட மரபணுவைப் பெற்று நோயாளியானவருக்கு, ஆக்சிஜன் குறைந்த, ஈரப்பதமற்ற, நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டிய விமான அறை, நோயைத் தூண்டும் மூன்று காரணங்களை ஒரே இடத்தில் கூட்டித் தருகிறது. கை கால் எலும்புகளிலும் நெஞ்சிலும் கடும் வலியாக வெடிக்கும் நெருக்கடி வந்து ஏறத்தாழ 10 நாள் கழியும் முன் அவர் பறக்கக்கூடாது. பிறகும் துணை ஆக்சிஜன் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்ற கடத்துநருக்கு வழக்கமான பயணிகள் விமானத்தில் பொதுவாகத் தொல்லை இல்லை. வெளிநாட்டு வேலைக்கும் உயர்கல்விக்கும் பழங்குடி இளைஞர்கள் விமானம் ஏறும் காலம் வந்திருப்பதால், பரிசோதனை முகாமில் தரப்படும் அட்டையில் தாம் நோயாளியா கடத்துநரா என்பதை அவர்கள் அறிந்திருப்பதும், விமானம் பற்றிய இந்த எச்சரிக்கை அந்த முகாமிலேயே அவர்களுக்குச் சொல்லப்படுவதும் மிக அவசியம்.

பயண நாளில் வரும் நோய்களில் மிகுதியானது காய்ச்சல். மிகுதியாகத் தவறு நேர்வதும் அதில்தான். பாராசிட்டமால் மாத்திரை உடல் வெப்பத்தைச் சில மணி நேரம் தணிக்கும். காய்ச்சலின் காரணத்தை அது தொடுவதே இல்லை. மாத்திரையால் வெப்பம் தணிந்ததும் நோயே தணிந்துவிட்டதாக எண்ணி விமான நிலையத்துக்குக் கிளம்புவது ஏன் ஆபத்தானது என்பதற்கு டெங்கு தெளிவான சான்று. டெங்குவில் உயிருக்கு ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், நுண்குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து, தட்டணுக்கள் குறைந்து, சிலரிடம் இரத்த அழுத்தம் திடீரென விழும். அந்தக் கட்டம் நீடிக்கும் ஓரிரு நாள்களில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. உடல் வலிக்கென்று ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றை விழுங்குவது இரத்தக்கசிவைக் கூட்டும்.

பந்திப்பூர்க் காட்டையொட்டிய ஊர்களுக்கு இன்னொரு காய்ச்சலும் உண்டு. 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்டு, குரங்குகள் மடிவதைக் கொண்டு குரங்குக் காய்ச்சல் என்று மக்கள் பெயரிட்ட கியாசனூர்க் காட்டு நோய், 2012 இறுதியில் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் தோன்றியது. இறந்த குரங்குகளைக் கையாண்டு எரித்த பழங்குடித் தொழிலாளர்கள் நோயுற்றனர், பின்னர் நீலகிரியிலும் வயநாட்டிலும் அதன் தடயங்கள் தெரிந்தன. காட்டு உண்ணியின் கடியால் பரவும் இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. எனவே அருகிருக்கைக்காரருக்கு ஆபத்து இல்லை; ஆபத்து நோயாளிக்கே. திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, அசைய விடாத தசைவலி என்று தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் தணியும் இது, சிலரிடம் இடையில் நலமானது போல் தோன்றிப் பின் மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளோடு திரும்புகிறது. டெங்குவைப் போலவே இதிலும் காய்ச்சல் விட்ட நாளை நோய் விட்ட நாளாகக் கொள்ள முடியாது. வெளியூரில் இறங்கிய பிறகு நோய் முற்றினால், அங்குள்ள மருத்துவருக்கு இந்தப் பெயரே நினைவுக்கு வராமல் போகலாம் என்பதால், டிசம்பர் முதல் மே வரையிலான மாதங்களில் காட்டுக்குள் சென்று வந்தவர் அந்தச் செய்தியைத் தாமே சொல்ல வேண்டும்.

தொற்று நோயாயின், கணக்கில் பிறரும் சேர்கிறார்கள். விமானக் காற்று ஒரு மணி நேரத்தில் 20 முறைக்கு மேல் மாற்றப்படுவதோடு, 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிகள் வழியே செல்வதால், அது பலர் அஞ்சும் அளவுக்கு அசுத்தமானதன்று. ஆனால் வடிகட்டியை அடையும் முன் அருகிருப்பவரின் மூச்சை அடையும் இருமல் துளியை எந்தப் பொறியும் தடுப்பதில்லை. 1977இல் அலாஸ்காவில் இயந்திரக் கோளாறால் தரையிலேயே நின்ற ஒரு விமானத்தில், காற்றோட்டம் நிறுத்தப்பட்டிருந்த நிலையில், இன்ஃபுளுயன்சா கண்ட ஒரே பயணியிடமிருந்து மூன்று நாளுக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினருக்கு அது பரவியது. 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற விமானத்தில் சார்ஸ் நோயுற்ற ஒருவரிடமிருந்து 22 பேருக்குத் தொற்றியது. தட்டம்மை, சின்னம்மை, இன்ஃபுளுயன்சா ஆகியவற்றோடு பயணம் செய்யலாகாது. சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை காத்திருக்க வேண்டும். இலேசான சளியோடு போக வேண்டிய கட்டாயம் இருப்பவர் முகக்கவசம் அணிவது உடன் பயணிப்போருக்குச் செய்யும் குறைந்தபட்சக் கடமை.

இவற்றையெல்லாம் எப்போது எடைபோடுவது என்பதை, குண்டலுபேட்டையைப் பொறுத்தவரை, சாலையே நிர்ணயிக்கிறது. பந்திப்பூர்க் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது; சில பேருந்துகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் மட்டுமே விலக்கு. விலங்குகளைக் காக்கும் இத்தடையால், கோழிக்கோட்டிலிருந்து அதிகாலையில் கிளம்பும் வளைகுடா விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் முந்தைய மாலையே புறப்பட்டாக வேண்டும். ஆகவே உடல் சரியில்லாதவரின் முடிவு முந்தைய நாள் பிற்பகலிலேயே, ஊரின் மருத்துவமனையோ மருத்துவரோ கைக்கெட்டும் நேரத்திலேயே எடுக்கப்பட வேண்டும். அங்கே வெப்பமானி, இரத்த அழுத்தம், விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு, தேவையானால் தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் பயணத்துக்கு ஒப்புக்கொண்டால், பேச்சு வழக்கில் ஃபிட் டு ஃப்ளை என்று சொல்லப்படும் தகுதிச் சான்றைத் தேதியும் நோயின் பெயரும் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நோயுற்றவராகத் தோன்றும் பயணியிடம் அதைக் கேட்கவும், இல்லாதபோது ஏற்ற மறுக்கவும் விமான நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆக்சிஜனோ படுக்கையோ தேவைப்படுகிறவருக்கு இந்தச் சான்று போதாது. மெடிஃப் என்னும் மருத்துவப் படிவத்தை நிரப்பி முன்கூட்டியே நிறுவனத்தின் மருத்துவப் பிரிவின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

பயணத்தைத் தள்ளிவைக்கத் தயங்குவோரில் பலருக்குத் தடையாக நிற்பது பணம். சீட்டை ரத்து செய்வதற்கு எவ்வளவு கட்டணம் பிடித்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதித்திருக்கிறது; அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகைச் சீட்டுக்கும் இது பொருந்தும். மருத்துவச் சான்றைக் காட்டித் தேதியை மாற்றித் தரும்படி கேட்டால் சில நிறுவனங்கள் கட்டணத்தைத் தளர்த்துகின்றன. பயணக் காப்பீடு எடுத்தவர் அதே சான்றையும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டு இழப்பைக் கோரலாம். இவை அனைத்தும் விமானம் கிளம்பும் முன்பே ரத்து செய்தவருக்கு எளிது, சொல்லாமல் வராமல் போனவருக்குக் கடினம் என்பதால், ஒரு தொலைபேசி அழைப்பையாவது செய்துவிட வேண்டும்.

விமான நிலையத்துக்கு வந்த பிறகு நிலை மோசமானால், பெரிய நிலையங்களில் மருத்துவ அறை உண்டு. பெட்டியை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தாலும் ஊழியரிடம் சொன்னால் அதை இறக்கிக் கொடுப்பார்கள். கதவு மூடப்பட்ட பின் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ தொடங்கினால், ஓடுபாதைக்கு நகரும் முன்பே பணிக்குழுவினரிடம் சொல்லிவிட வேண்டும்; தரையில் இருக்கும் வரை விமானி திரும்பி வந்து பயணியை இறக்கிவிடச் சில நிமிடங்களே ஆகும்.